அது அந்தம்மா இல்லை

"இது அந்தம்மா இல்ல."

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் அக்கா சொன்னாள். சித்திரை மாதத்து முற்பகல். செல் வளர்க்கும் அறையில் குளிர்சாதனம் உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசையில் குறிப்பேட்டைத் திறந்து வைத்து எழுதிக்கொண்டிருந்த என் பேனா நின்றது. அவள் சொன்னது சரி என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது எப்படி நடந்திருக்கும் என்பதும் தெரிந்துவிட்டது. ஆனாலும் தலையை நிமிர்த்தி, "என்னக்கா சொல்றீங்க, நல்லாத்தானே வளருது?" என்று கேட்டேன். பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்படிக் கேட்ட என் குரல் மீது எனக்கிருக்கும் கோபம் குறையவே இல்லை. வேறு சிலர் மீதும் இருக்கிறது. என்ன நடந்ததோ அதை ஒரு தடவையாவது ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மதுரையில் ஓர் ஆராய்ச்சி நிலையம். அதை ஒட்டியே புற்றுநோய் அறுவை செய்யும் ஆஸ்பத்திரி. ஸ்டெம் செல் என்ற சொல் நம் ஊர் நாளிதழ்களில் அடிக்கடி வரத் தொடங்கியிருந்த வருடங்கள் அவை. ஒரு புற்றுக்கட்டியில் இருக்கும் செல்கள் எல்லாம் ஒன்றுபோல இல்லை, அவற்றில் மிகச் சிலவே கட்டியைத் திரும்பத் திரும்ப உண்டாக்கக்கூடியவை, மருந்துக்கும் கதிர்வீச்சுக்கும் தப்பி ஒளிந்திருந்து பிறகு முளைப்பவை அவைதான் என்று உலகம் முழுக்கப் பேச்சாக இருந்தது. அந்தச் சிலவற்றைத் தனியே பிரித்து வளர்க்க முடிந்தால், அவற்றைக் கொல்லும் மருந்து எது என்று தேடிப் பார்க்கலாம். புகையிலை அடக்கி அடக்கிக் கன்னத்தில் புண் வந்த நம் பக்கத்து மனிதர்களின் கட்டியிலிருந்தே அவற்றை வளர்க்க வேண்டும் என்று எங்கள் பேராசிரியர் ஆசைப்பட்டார். நல்ல ஆசை. அதை நான் இன்றைக்கும் மறுக்கவில்லை.

ஆசை அவருடையது. வளர்த்தது அக்கா. எங்கள் ஆய்வகத்தின் டெக்னீஷியன் அவள். ஒப்பந்த வேலை, வருடத்துக்கு ஒருமுறை பேராசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம் உண்டு. வில்லாபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். அம்மாவோடு போனில் பேசும்போது குழைந்து குழைந்து வேறொரு ஆளாகிவிடுவாள். போனை வைத்ததும் மதுரைத் தமிழுக்குத் திரும்பி, "அங்க என்ன வேடிக்கை, கையில சாராயத்த அடி" என்று என்னை அதட்டுவாள். கிருமி நீக்க நாங்கள் கையில் தெளித்துக்கொள்ளும் ஸ்பிரிட்டுக்கு அவள் வைத்திருந்த பெயர் அது. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். நான் முனைவர் பட்ட மாணவி. உசிலம்பட்டி பக்கம், அடுத்தவர் காட்டில் களையெடுத்தே பிழைத்த குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். காகிதத்தில் நான் மேலே, அந்த அறைக்குள் அவள் மேலே. இருவருக்குமே அது தெரியும். அதனால் எங்களுக்குள் ஒரு நாளும் சச்சரவு வந்ததில்லை. அவள் கொண்டுவரும் புளியோதரையும் நான் கொண்டுவரும் கருவாட்டுக் குழம்பும் ஒரே மேசையில்தான் இருக்கும். கருவாட்டை அவள் தொடமாட்டாள். ஆனால் பக்கத்தில் வைக்காதே என்று சொன்னதில்லை.

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஐஸ் பெட்டியில் பட்டாணி அளவுக்குச் சதை வரும். பிளேடால் பொடியாக நறுக்கி, நொதியில் ஊறவைத்து, மெல்லிய வலையில் வடிகட்டிச் செல்களைப் பிரிப்போம். சாதாரணமாகச் செல்கள் குடுவையின் அடியில் ஒட்டிக்கொண்டுதான் வளரும். எங்கள் குடுவைகளில் ஒட்டவிடாத பூச்சு பூசியிருக்கும். ஊற்றுகிற திரவத்திலும் வழக்கமான சத்து இருக்காது. பற்றிக்கொள்ள இடமும் இல்லாமல், பழகிய தீனியும் இல்லாமல் பெரும்பாலானவை செத்துவிடும். சாகாத சிலது மிதந்தபடியே பெருகிச் சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரளும். நாங்கள் தேடியவை அந்த உருண்டைகளுக்குள்தான் இருந்தன. சொல்வதற்குத்தான் இது இவ்வளவு எளிது. பத்துப் பன்னிரண்டு பேருடைய சதை எங்கள் கையில் வீணாய்ப் போனது. சிலது பூஞ்சை பிடித்தது, சிலது மின்வெட்டில் போனது, சிலது காரணமே தெரியாமல் போனது. ஒவ்வொன்றைக் கொட்டும்போதும் அக்கா அந்த ஆளின் பெயரைச் சொல்லித்தான் கொட்டுவாள். குடுவையில் எண்தான் எழுதியிருக்கும். அவள் பெயரைத் தெரிந்து வைத்திருப்பாள்.

அந்தம்மா வந்தது அதற்குப் பிறகு. உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். ஐம்பது வயது இருக்கும். என் அம்மாவின் கை எப்படியோ அப்படியே ஒரு கை. நகக்கண்ணில் மண் ஏறிய களையெடுக்கிற கை. இடது கன்னத்தில் புண். கூட மகள். ஒப்புதல் படிவம் இரண்டு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் இருந்தது. விரல் ரேகை வாங்கிக்கொண்டு வந்தால் போதும் என்றுதான் எங்களை அனுப்பியிருந்தார்கள். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். "இதுனால உங்களுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. மருந்து கண்டுபிடிச்சாலும் பின்னாடி வாரவுகளுக்குத்தான்" என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

"வெட்டி எறியப் போற சதைதான தாயி, எடுத்துக்கங்க" என்றார் அந்தம்மா. "ஆனா ஒண்ணு. வளந்துச்சுன்னா எங்கிட்டச் சொல்லணும். என்னோடது என்னாச்சுன்னு எனக்குத் தெரியணும்ல?"

"சொல்றேம்மா. கூட்டிட்டுப் போயிக் காட்டவே காட்டுறேன்" என்றாள் அக்கா.

படிவத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. காட்டவேண்டிய கடமை யாருக்கும் இல்லை. அக்கா வாயால் கொடுத்த வாக்கு அது. அங்கே நடந்ததிலேயே எழுத்தைவிடக் கனமாக இருந்தது அதுதான்.

அந்தம்மாவின் செல்கள் வளர்ந்தன. முதல் மூன்று வாரம் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு ஒருநாள் காலையில் அக்கா என்னை இழுத்துப்போய்க் காட்டினாள். கரடுமுரடாக, சீத்தாப்பழம் போலப் புடைப்புப் புடைப்பாக ஐந்தாறு உருண்டைகள். மெதுவாகத்தான் வளர்ந்தன. பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை பிரித்துவிட்டால் போதும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் அக்கா வந்து பார்த்துவிட்டுப் போனாள். முதல் மாதமே இரண்டு குப்பிகளில் கொஞ்சத்தை உறையவைத்து, திரவ நைட்ரஜன் தொட்டிக்குள் இறக்கி வைத்தாள்.

அறுவை முடிந்து கதிர்வீச்சுக்கு வந்துகொண்டிருந்த அந்தம்மாவை ஒருநாள் அழைத்து வந்தாள். செல் அறைக்குள் வெளியாட்களை விடக்கூடாது. அதனால் ஒரு குடுவையை எடுத்துவந்து வராந்தா அறையில் இருந்த பழைய நுண்ணோக்கியில் வைத்தாள். பாதித் தாடை எடுத்த முகத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு அந்தம்மா குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பேச்சு குழறியது, மகள் எடுத்துச் சொன்னாள்.

"என்னையக் கொல்ல வந்தது இம்புட்டு அழகாவா இருக்கும்னு கேக்குது அம்மா."

அந்தம்மா மறுபடி ஏதோ கேட்டார். இது எவ்வளவு நாளைக்கு இருக்கும் என்று கேட்கிறார் என்றாள் மகள். நாங்கள் பார்த்துக்கொண்டால் ரொம்ப நாள் இருக்கும் என்றாள் அக்கா. நான் போன பிறகுமா? ஆமாம்மா. முந்தானைக்குள் அந்தம்மா சிரித்தது கண்ணில் தெரிந்தது. "அப்ப நல்லாப் பாத்துக்கங்க" என்றார். அதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குழறலிலும் எங்களுக்கு விளங்கியது.

இனி நான் செய்தது.

அந்தம்மாவின் செல்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று ஒரு பழைய செல்வரிசையும் எங்களிடம் இருந்தது. எந்த நாட்டிலோ எப்போதோ ஓர் ஆணின் கட்டியிலிருந்து எடுத்து, ஊர் ஊராகக் கைமாறி வளர்ந்துகொண்டிருப்பது. முரட்டு வளர்ச்சி. ஒரு துளி தெறித்து வேறொரு குடுவையில் விழுந்தால் போதும், அங்கே இருப்பதை அமுக்கிவிட்டுத் தானே நிறைந்துவிடும். அதனால் அக்கா விதி வைத்திருந்தாள்: இரண்டுக்கும் தனித்தனி பாட்டில், தனித்தனி பிப்பெட், ஒன்றை முடித்துத் துடைத்து அரைமணி கழித்துத்தான் இன்னொன்று. அந்த மாசி மாதம் பரமக்குடியில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்கு மூன்று நாள் போனாள். திரவத்தில் கலக்க வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய வளர்ச்சிக் காரணி சென்னை விமான நிலையச் சுங்கத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. அந்தம்மாவின் செல்களுக்கான பாட்டிலில் மட்டும் திரவம் மீதி இருந்தது. பழைய வரிசைக்கு இல்லை. பேராசிரியரிடம் கேட்டேன். "ரெண்டுக்கும் அதுலயே ஊத்தும்மா. கவனமாச் செஞ்சா ஒண்ணும் ஆகாது. மாநாட்டுக்கு எனக்கு ரெண்டோட படமும் வேணும்" என்றார்.

ஊற்றினேன். முதலில் பழைய வரிசைக்கு, அப்புறம் அந்தம்மாவுக்கு. இடையில் பிப்பெட்டை மாற்றினேனா என்று நினைவில்லை. மாற்றினேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். குறிப்பேட்டில் 'வளர்ப்புத் திரவம் மாற்றப்பட்டது' என்று மட்டும் எழுதினேன். கல்யாணப் பலகாரத்தோடு அக்கா திரும்பி வந்தபோது பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் திட்டுவாள் என்ற பயம், அவ்வளவுதான். அவ்வளவு சின்னப் பயத்தில்தான் இது தொடங்கியது.

ஒரு மாதத்தில் அந்தம்மாவின் குடுவைகள் நிரம்பி வழிந்தன. பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. கட்டுரை எழுதினார். செல்வரிசைக்குத் தன் பெயரின் முதல் எழுத்துகளை வைத்தார். அப்போதுதான் அந்தச் சித்திரை முற்பகலில் அக்கா நுண்ணோக்கியில் குனிந்தபடி, இது அந்தம்மா இல்லை என்றாள்.

"அது கரடுமுரடா சீத்தாப்பழமாட்டம் இருக்கும். இது கோலிக்குண்டுமாதிரி வழுவழுன்னு இருக்கு. அதை பன்னெண்டு நாளுக்கு ஒருக்காப் பிரிச்சோம். இது நாலே நாள்ல நெறைஞ்சுருது. பழைய வரிசைய நான் எத்தனை வருசமாப் பாக்குறேன், எனக்குத் தெரியாதா?" என்னைத் திரும்பிப் பார்த்தாள். "டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோம். அந்தம்மா பொம்பள. இதுல ஆம்பளக் குரோமோசோம் இருந்துச்சுன்னா முடிஞ்சுபோச்சு."

அந்தச் சோதனைக்கு ஒரு பகல் போதும். அந்தம்மாவின் ரத்தம் எடுத்து வைத்திருந்தது. அதில் ஆண் அடையாளம் இருக்கக்கூடாது. பழைய வரிசையில் இருக்க வேண்டும். சந்தேகமே வரக்கூடாது என்று அக்கா தன் விரலையும் குத்திக்கொண்டாள், என் விரலையும் குத்தினாள். சாயங்காலம் புறஊதா விளக்கில் பார்த்தோம். ஆண் அடையாளம் இருந்தால் கோடாக மின்னும். அந்தம்மாவின் ரத்தத்துக்கு நேரே வெற்றிடம். எங்கள் இருவருக்கு நேரேயும் வெற்றிடம். பழைய வரிசைக்கு நேரே பளிச்சென்று ஒரு கோடு. அந்தம்மாவுடையது என்று நாங்கள் ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்த செல்களுக்கு நேரேயும் அதே இடத்தில், அதே அளவுக்குப் பளிச்சென்று ஒரு கோடு.

படத்தை எடுத்துக்கொண்டு இருவரும் பேராசிரியரிடம் போனோம். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார்.

"சாம்பிள்ல கை பட்டிருக்கும்" என்றார்.

"யார் கை சார்?" என்றாள் அக்கா. "உள்ள வேலை பாக்குறது நாங்க ரெண்டு பேருதான். ரெண்டு பேரும் பொம்பளைக."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப நான் தொட்டிருப்பேன்" என்றார்.

செல் அறைக்குள் அவர் கால் வைத்து ஏழெட்டு வருடம் இருக்கும். இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருவதற்கு முன்னால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. முதல் மாதம் உறையவைத்த இரண்டு குப்பிகள் இருக்கின்றன, அவற்றை எடுத்து வளர்த்தால் நான்கைந்து மாதத்தில் உண்மையானவை கிடைத்துவிடும், அதுவரை கட்டுரையை நிறுத்தி வைக்கலாம் என்று அக்கா மன்றாடினாள். கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உன் ஆய்வேட்டுல மூணாவது அத்தியாயம் முழுக்க இதுதானேம்மா?" என்று அன்பாகக் கேட்டார். ஆமாம் சார் என்றேன். அவர் வேறெதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. நான் எங்கிருந்து வந்தவள், எதற்குத் திரும்பிப் போகப் பயப்படுவேன் என்று அவருக்குத் தெரியும். நானும் அதற்கு இடம் கொடுத்தேன்.

அந்த ஆனியில் அக்காவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. 'செல் பராமரிப்பில் கவனக்குறைவு' என்று கடிதத்தில் காரணம் போட்டிருந்தது. பின்னால் எப்போதாவது விஷயம் வெளியே வந்தாலும் பழி விழ ஓர் ஆள் தயாராக இருக்கும்படி பேராசிரியர் பார்த்துக்கொண்டார். அந்தக் கடிதத்தை அக்கா கையில் கொடுக்கும் வேலை என்னிடம்தான் வந்தது. கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். "கவனக்குறைவு" என்று மெதுவாக ஒருமுறை சொன்னாள். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள் என்பது அப்போதே எனக்குத் தெரியும். "சார்கிட்ட ஒருதடவை பேசிப் பாருங்கக்கா" என்றேன். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திரவ நைட்ரஜன் தொட்டியை வாரத்துக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும். அக்கா இருந்தவரை யாரும் அதை நினைவுபடுத்த வேண்டியிருந்ததில்லை. அவள் போன பிறகு அது யார் வேலை என்று யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஆயுதபூஜை விடுமுறை முடிந்து வந்து மூடியைத் திறந்தபோது உள்ளிருந்து புகையே வரவில்லை. தொட்டி காய்ந்து கிடந்தது. அந்தம்மாவின் இரண்டு குப்பிகளும் வெறும் தண்ணீராகியிருந்தன. வளர்க்கக்கூடியதாக உலகத்தில் அந்தம்மாவின் செல் என்று மிச்சமிருந்தது அதுதான்.

அடுத்த மாதம் அந்தம்மா மறுபடி வந்தார். கழுத்தில் நோய் திரும்பியிருந்தது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் கட்டடத்துக்கு நடந்தே வந்திருந்தார். "அந்தப் பிள்ள எங்க?" என்று கேட்டார். வேறு வேலைக்குப் போய்விட்டார்கள் என்றேன். தன்னுடையதை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்று கேட்டதாக மகள் சொன்னாள். மறுத்திருக்கலாம், இன்றைக்கு முடியாது என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். நான் அதைவிடப் பெரிய பொய்யைச் சொன்னேன். ஒரு குடுவையை எடுத்துவந்து நுண்ணோக்கியில் வைத்தேன். யாரோ ஓர் ஆணின் செல்கள். அந்தம்மா குனிந்து பார்த்தார். ஏதோ சொன்னார்.

"முன்னைக்கு இப்ப வழுவழுன்னு இருக்காம்" என்றாள் மகள். "நல்லாக் கவனிச்சுக்கிறீகபோலன்னு சொல்லுது."

எழுதப் படிக்கத் தெரியாத, காய்ச்சலும் வலியுமாக நின்ற அந்தப் பெண்ணுக்கு ஒரே பார்வையில் வித்தியாசம் தெரிந்தது. பேராசிரியருக்கு மட்டும் கடைசிவரை தெரியவில்லை. ஆமாம்மா என்று தலையாட்டினேன். அந்தம்மா என் கன்னத்தைத் தொட்டு வழித்துத் திருஷ்டி கழித்துவிட்டுப் போனார். தை பிறப்பதற்குள் இறந்துபோனார்.

எனக்குப் பட்டம் கிடைத்தது. வெளியூரில் வேலை, பிறகு எனக்கென்று ஓர் ஆய்வகம். என் மாணவர்கள் பாட்டில் மாற்றி ஊற்றினால் வெறிபிடித்ததுபோல் கத்துவேன். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது. பேராசிரியர் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். அந்தக் கட்டுரையை நம்பி யார் யாரோ அந்தச் செல்களில் மருந்துகளைச் சோதித்து, வாய்ப் புற்றுக்கு இது கேட்கும், அது கேட்காது என்று எழுதத் தொடங்கினார்கள். அதை ஒருநாள் படித்துக்கொண்டிருந்தபோதுதான், காலம் கடந்தாவது எனக்குச் சொரணை வந்தது. கட்டுரை வெளியிட்ட ஆய்விதழுக்கு அன்றைய சோதனைப் படத்தோடு எழுதினேன். பல மாத இழுபறிக்குப் பிறகு கட்டுரையைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது.

அதை எடுத்துக்கொண்டு வில்லாபுரம் போனேன். தன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அக்கா வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். முன்நெற்றி நரைத்திருந்தது. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. காகிதத்தை வாங்கி ஆங்கிலத்தில் இருந்ததை நிதானமாகப் படித்தாள்.

"'செல் வளர்ப்பின்போது ஒரு பிழை நேர்ந்தது'ன்னு போட்டிருக்கு. நேர்ந்துச்சா? தானா நேர்ந்துச்சா?"

அப்போதுதான் சொன்னேன். "நான்தான்க்கா. நீங்க பரமக்குடி போயிருந்தப்ப ஒரே பாட்டில்ல ஊத்துனேன்."

"தெரியும்" என்றாள். "எம்புட்டு இருக்குன்னு பாட்டில்ல கோடு போட்டு வச்சிட்டுத்தான் போனேன். வந்து பாத்தா கொறைய வேண்டியதுக்கு ரெண்டு மடங்கு கொறைஞ்சிருந்துச்சு. அப்ப ஒண்ணும் தோணல. செல்லு மாறினதும் புரிஞ்சுபோச்சு. இன்னைக்குச் சொல்லுவ, நாளைக்குச் சொல்லுவன்னு பாத்தேன். டெஸ்ட் பண்ணுவோம்னு சொன்னதே நீ வாயத் தொறக்க ஒரு வழியாகட்டும்னுதான். கடைசியா லெட்டரக் கொண்டாந்து குடுத்தியே, அப்பவும் பாத்தேன்."

நான் அழுதேன். அழாதே என்று அவள் சொல்லவில்லை. ரத்தம் கொடுக்க வந்திருந்த ஒருவருக்குக் கையில் ரப்பரைக் கட்டிவிட்டு, ஊசியைக் குத்திக்கொண்டே கேட்டாள்: "அந்தம்மா வீட்டுல சொன்னியா?"

இல்லை என்றேன்.

ஆய்விதழுக்கு இரண்டாவது முறை எழுதினேன். இந்தத் தடவை 'நான் செய்தேன்' என்று எழுதினேன். அக்காவின் மீது போட்ட குற்றச்சாட்டை நீக்க வேண்டும் என்று நிலையத்துக்கும் தனியாக எழுதினேன். அந்தக் காலத்து ஒப்பந்த ஊழியர்களின் கோப்புகள் இப்போது பராமரிக்கப்படுவதில்லை, ஆகவே திருத்துவதற்கு ஏதும் இல்லை என்று பதில் வந்தது. குற்றம் சுமத்தக் காகிதம் இருந்தது. அதைத் துடைக்கக் காகிதம் இல்லை. அந்தப் பதிலை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் உசிலம்பட்டி பஸ்ஸில் என்னோடு ஏறினாள்.

மகளுக்கு இப்போது அன்றைய அந்தம்மாவின் சாயல் வந்துவிட்டிருந்தது. எங்களை அடையாளம் கண்டுகொண்டு நாற்காலி எடுத்துப் போட்டாள். நான் எதையும் விடாமல் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே ஆட்டுக்குப் போட வைத்திருந்த அகத்திக் குழையை மடியில் வைத்து இலை இலையாக உருவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப எங்கம்மா கடைசியாப் பாத்தது?"

"வேற யாரோட செல்லோ."

"எங்கம்மாவோடது?"

"செத்துப்போச்சு. நாங்க பாத்துக்கிடல."

"சாகுறன்னைக்குக் கூட எங்கம்மா, 'அழுகாதடி, மருதையில நான் இருக்கேன்ல'ன்னு சொல்லுச்சு" என்றாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "நான் இம்புட்டு நாளா அதைத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப எதுக்கு வந்து சொல்றீக? எங்கிட்ட இறக்கி வச்சிட்டுப் போகவா?"

அவளுக்குத் தெரிய வேண்டிய உண்மைதானே என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த வாக்கியம் வாயில் வரவில்லை. அவள் குழையை எடுத்துக்கொண்டு ஆட்டை அவிழ்க்கப் போய்விட்டாள். வெகுநேரம் கழித்து அக்காதான் எழுந்தாள்.

திரும்பும் பஸ் செக்கானூரணி வந்தது. அங்கே வண்டி நின்றபோது அக்கா கேட்டாள்: "அந்த ஆளு வீடு எங்க இருக்குன்னு தெரியுமா?"

தெரியும். கீழக்குயில்குடி போகும் சாலையில் புதிதாகக் கட்டிய வீடு. பேராசிரியர் வேட்டியில் இருந்தார். "வாங்க, வாங்க, ரெண்டு பேருமா!" என்று உண்மையாகவே மகிழ்ந்தார். காபி வந்தது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டதைப் பற்றி அவராகவே பேசினார். கோபமோ கூச்சமோ இல்லை. "எல்லா லேப்லயும் நடக்குறதுதான்மா. சயின்ஸ் தன்னைத்தானே திருத்திக்கும்."

"தானா ஒண்ணும் திருந்தல சார்" என்றாள் அக்கா. "இவ எழுதினா, திருந்துச்சு. அதுவும் பாதிதான்."

அவர் புன்னகையோடு தலையாட்டினார். அக்கா காபியைத் தொடவில்லை.

"அந்தம்மா பேரு என்ன சார்?"

"எந்தம்மா?"

"உங்க எழுத்தப் போட்டு ஒரு செல்லு வளத்தீங்களே. அதுக்குச் சதை குடுத்த அம்மா."

அவர் நெற்றியைச் சுருக்கினார். பிறகு என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. மாநாட்டு மேடைகளில் ஏதாவது மறந்துபோனால் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் என்னை அப்படித்தான் பார்ப்பார். நான் உடனே எடுத்துக் கொடுப்பேன். அந்தம்மாவின் பெயர் எனக்குத் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது.

நான் எடுத்துக் கொடுக்கவில்லை. தலைக்குமேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார். அக்காவும் நானும் காத்திருந்தோம்.